பிரஷர் மாத்திரையும் ப்ராஸ்டேட் மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடுகிறவர்களுக்கு

ஆஸ்பத்திரி மருந்தகத்தில் சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுப்பது என் வேலை. அறுபதைத் தாண்டிய ஆண்கள் பலர் இரண்டு சீட்டோடு வருவார்கள். பிரஷருக்கு ஒரு டாக்டர், சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள ப்ராஸ்டேட் சுரப்பியின் வீக்கத்துக்கு இன்னொரு டாக்டர். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாமலே போகிறது. எனக்குக் கவலை அங்கேதான்.

ப்ராஸ்டேட்டிலும் சிறுநீர்ப்பையின் வாயிலும் உள்ள தசை இறுகினால் சிறுநீர் சுலபமாக வராது. டாம்சுலோசின், சைலோடோசின், அல்ஃபுசோசின், டெராசோசின், டாக்சாசோசின் ஆகியவை அந்தத் தசையைத் தளர்த்துகின்றன. ஆல்ஃபா பிளாக்கர் என்று சொல்வது இவற்றைத்தான். ரத்தக் குழாயின் சுவரிலும் அதே மாதிரித் தசை உண்டு. அதுவும் தளர்ந்தால் ரத்த அழுத்தம் இறங்கும். டெராசோசினும் டாக்சாசோசினும் முதலில் பிரஷர் மருந்தாக வந்தவைதான். டாம்சுலோசினும் சைலோடோசினும் ப்ராஸ்டேட்டைக் குறிவைத்தவை என்றாலும், பிரஷர் மாத்திரையோடு சேரும்போது தலைசுற்றல் வரலாம். ஆகவே எந்த டாக்டரிடம் போனாலும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போய் மேஜைமேல் பரப்புங்கள். "வெள்ளை மாத்திரை, சின்னது" என்று சொன்னால் யாருக்கும் புரியாது.

அதிக கவனம் தேவைப்படுவது ஆல்ஃபா பிளாக்கர் ஆரம்பிக்கும் நாளிலும் அளவைக் கூட்டும் நாளிலும்தான். டெராசோசினைப் பெரும்பாலும் 1 மி.கி.யில், படுக்கப் போகும் நேரத்தில் ஆரம்பிப்பார்கள். முதல் மாத்திரையில் அழுத்தம் சட்டென்று இறங்கி மயக்கம் வரக்கூடும் என்பதால்தான் அந்த ஏற்பாடு. டாம்சுலோசினைத் தினமும் ஒரே வேளைச் சாப்பாட்டுக்குப் பின், சுமார் அரை மணி நேரம் கழித்துப் போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் மருந்து அதிகமாக ரத்தத்தில் ஏறும். அந்தக் கேப்சூலைப் பிரித்துக் கொட்டாதீர்கள், மெல்லாதீர்கள். மருந்து மெதுவாக வெளிவரும்படி செய்யப்பட்டது அது.

ராத்திரி சிறுநீர் முட்டிக்கொண்டு விழிப்பு வந்தால் உடனே எழுந்து ஓடாதீர்கள். முதலில் ஒருக்களித்துப் படுங்கள். கையை ஊன்றி எழுந்து, காலைத் தொங்கப்போட்டு உட்காருங்கள். கெண்டைக்கால் தசை இறுகும்படி பாதத்தை மேலும் கீழும் சில தடவை அசைத்து, ஒரு நிமிஷம் போகட்டும். கட்டிலைப் பிடித்தபடி நின்று, கண் இருட்டவில்லை என்றால் நடங்கள். வழியில் சின்ன விளக்கு எரியட்டும். கழிவறையில் உட்கார்ந்தே சிறுநீர் கழியுங்கள். ஆண்களுக்கு இதைச் சொன்னால் கூச்சப்படுகிறார்கள். விழுந்து இடுப்பெலும்பு முறிந்து வருகிறவர்களைப் பார்ப்பதால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

நாலைந்து நாள் ஆல்ஃபா பிளாக்கர் மாத்திரை விட்டுப்போனால், விட்ட இடத்திலிருந்து அதே அளவில் தொடராதீர்கள். டாக்டரைக் கேளுங்கள், டெராசோசினை மறுபடி 1 மி.கி.யிலிருந்துதான் தொடங்கச் சொல்வார். விட்டதற்கு ஈடாக இரண்டாகப் போடவே கூடாது. பிரஷர் சரியாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்துவதும் அப்படித்தான். சரியாக இருப்பதே மாத்திரையால்தான்.

வீட்டில் பிரஷர் பார்க்கும் முன் சிறுநீர் கழித்துவிடுங்கள். சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால் எண் கூடுதலாகக் காட்டும். முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட, கை நெஞ்சு உயரத்தில் இருக்க, ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார்ந்து பாருங்கள். பிறகு எழுந்து நின்று ஒரு நிமிஷத்திலும் மூன்றாவது நிமிஷத்திலும் பாருங்கள். நிற்கும்போது மேல் எண் 20, அல்லது கீழ் எண் 10 இறங்கினால் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும்.

சிறுநீரை அதிகமாக்கும் பிரஷர் மாத்திரை இருந்தால் காலையில் போடலாமா என்று கேளுங்கள், ராத்திரித் தூக்கம் மிஞ்சும். ஆம்லோடிபினால் கால் வீங்கினாலும் ராத்திரி எழ நேரிடும், படுத்ததும் அந்த நீர் ரத்தத்துக்குத் திரும்புகிறதே. சளி, மூக்கடைப்புக்குச் சீட்டில்லாமல் வாங்கும் மாத்திரைதான் எனக்குப் பெரிய பயம். சூடோஎஃபெட்ரின் இருந்தால் பிரஷரும் ஏறும், சிறுநீரும் அடைக்கும். தூக்கம் வரவைக்கும் அலர்ஜி மாத்திரைகளும் சிறுநீரை அடைக்கலாம். ஐப்யூபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் பிரஷரை ஏற்றும். ஆண்மைக் குறைவுக்குச் சில்டெனாஃபில், டடலாஃபில் சாப்பிடுகிறவர்கள் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். ஆல்ஃபா பிளாக்கரோடு சேர்ந்தால் அழுத்தம் படுத்துவிடும்.

ஃபினாஸ்டரைடு, டூட்டாஸ்டரைடு வேறு வகை. சுரப்பியையே மெல்லச் சுருக்குபவை. பலன் தெரிய ஆறு மாதம்கூட ஆகும். ப்ராஸ்டேட் புற்றுநோய்ச் சந்தேகத்துக்காக ரத்தத்தில் பார்க்கும் பி.எஸ்.ஏ. அளவை இவை பாதியாகக் குறைத்துக் காட்டும், பரிசோதனைக்குப் போகும்போது சொல்லுங்கள். உடைந்த மாத்திரையையும் கசிந்த கேப்சூலையும் கர்ப்பிணிகள் தொடக்கூடாது.

கண்புரை ஆபரேஷன் என்றால் ஆல்ஃபா பிளாக்கர் சாப்பிடுவதை, முன்பு சாப்பிட்டு நிறுத்தியிருந்தாலும், கண் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். ஆபரேஷன் நடுவில் கருவிழிப்படலம் தொய்ந்துபோகும் என்று 2005-இல் மருத்துவர்கள் எழுதினார்கள். தெரிந்திருந்தால் அதற்கேற்பத் தயாராவார்கள்.

சிறுநீர் அறவே வராமல் அடிவயிறு வலித்தாலோ, மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, ஒரு பக்கம் கைகால் மரத்தாலோ மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். அந்த மாத்திரைப் பையையும் எடுத்துக்கொண்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள்.