லினக்ஸ் போட்டதும் வைஃபை காணவில்லையா? போடுவதற்கு முன்பே நடக்கும் தவறுகள்

நீடாமங்கலம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, பாலிடெக்னிக் படிக்கும் ஒரு பெண் ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் செய்தாள். "அண்ணே, விண்டோஸை அழிச்சுட்டு லினக்ஸ் போட்டேன். எல்லாம் வந்துடுச்சு, வைஃபை மட்டும் இல்ல. டிரைவரை இறக்க நெட்டு வேணும். நெட்டு வரணும்னா டிரைவர் வேணும்." நாளைக்குக் காலையில் அவள் புராஜெக்ட் கொடுக்க வேண்டும்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தபிறகு, அதற்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுகிறவர்களிடமிருந்து இப்படிப்பட்ட போன்கள் எனக்கு அதிகம் வருகின்றன. டவுனில் ரூட்டரிலிருந்து ஒரு கம்பியை எடுத்துச் செருகிச் சமாளித்துவிடலாம். நான் போய்ப் பார்த்த டெல்டா கிராமத்து வீடுகளில் பெரும்பாலும் நெட் என்றால் செல்போன் ஹாட்ஸ்பாட்தான். வைஃபை போனால் எல்லாமே போச்சு. அதனால் நம் ஊரில் லினக்ஸ் போடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, லேப்டாப்புக்குள் வைஃபையைப் பிடிக்கும் கார்டையும், அதை ஓட்டும் மென்பொருளான டிரைவரையும்தான்.

அந்தப் பெண் செய்த முதல் தவறு இதுதான். லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவிலிருந்து லேப்டாப் பூட் ஆனதும் நேராக 'இன்ஸ்டால்' பட்டனை அழுத்திவிட்டாள். அதற்குப் பக்கத்திலேயே 'டிரை' என்று ஒன்று இருக்கிறது. அதில் போனால் டிஸ்க்கில் ஒரு எழுத்துகூட மாறாது. பத்து நிமிஷம் ஓட்டிப் பாருங்கள். வைஃபை பெயர்கள் தெரிகின்றனவா, ஒரு பாட்டு ஒலிக்கிறதா, டச்பேட் நகர்கிறதா, மூடித் திறந்தால் திரும்ப எழுகிறதா என்று பாருங்கள். அங்கே வேலை செய்யாதது இன்ஸ்டால் செய்தபிறகு தானாகச் சரியாகிவிடும் என்று நம்பி டிஸ்க்கை அழிக்காதீர்கள்.

அடுத்தது, கார்டு யார் என்று கேட்காமலே மருந்து தேடுவது. "அண்ணே, என்னோடதும் கவர்மெண்ட் லேப்டாப்தான், ஃப்ரெண்டுக்குச் சொன்ன அதே கமாண்டைச் சொல்லுங்க" என்பார்கள். விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011-இல் தொடங்கியது. ஒவ்வொரு வருஷமும் வந்த மாடல் வேறு, உள்ளே இருக்கும் கார்டும் வேறு. மூடிமேல் இருக்கும் பெயரை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கமாண்டு அடிக்கும் ஜன்னலான டெர்மினலைத் திறந்து எல்எஸ்பிசிஐ என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, ஒரு ஹைஃபனும் என், என், கே என்ற மூன்று எழுத்துகளும் சேர்த்து என்டர் அடியுங்கள். 'நெட்வொர்க் கன்ட்ரோலர்' என்ற வரியில் சதுர அடைப்புக்குள், நடுவே ':' குறியோடு ஓர் எண் இருக்கும். 8086 என்று தொடங்கினால் இன்டெல், 10இசி என்றால் ரியல்டெக், 14இ4 என்றால் பிராட்காம், 168சி என்றால் ஏதெராஸ். அதற்குக் கீழே 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்ற வரி இல்லையென்றால், கார்டு இருக்கிறது, அதை ஓட்ட ஆள் இல்லை என்று அர்த்தம். அந்த எண்ணை வைத்துத் தேடினால் சரியான பதிலுக்குப் போவீர்கள். இன்டெல் கார்டுகள் பெரும்பாலும் தொல்லை தராது. உதாரணத்துக்கு, 14இ4:4365 என்று வந்தால் பிராட்காமின் தனி டிரைவரைப் போட வேண்டியிருக்கும். உபுண்டு என்ற லினக்ஸ் வகையில் அது 'அடிஷனல் டிரைவர்ஸ்' ஜன்னலிலேயே கிடைக்கும்.

டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ் வகையைப் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்துதான், கார்டுகளுக்குத் தேவையான ஃபர்ம்வேர் (கார்டுக்குள்ளேயே ஓடும் சிறு மென்பொருள்) அதிகாரபூர்வ இன்ஸ்டாலரிலேயே சேர்ந்து வருகிறது. பழைய பதிப்பு உள்ள பென்டிரைவை எடுத்து மல்லுக்கட்ட வேண்டாம்.

சரி, டிரைவரை இறக்க நெட்டுக்கு எங்கே போவது? கையில் இருக்கும் போன் போதும். யுஎஸ்பி கேபிளால் லேப்டாப்பில் இணைத்து, போன் செட்டிங்ஸில் 'யுஎஸ்பி டெதரிங்' ஆன் செய்யுங்கள். லினக்ஸ் அதைக் கம்பி இணைப்பாக எடுத்துக்கொள்ளும், தனி டிரைவர் வேண்டாம். அந்த ராத்திரி இதைச் சொன்னேன், வரவில்லை என்றாள். அரை மணி நேரம் கழித்துத்தான் புரிந்தது, அது சார்ஜ் மட்டும் ஏற்றுகிற கேபிள். அப்பாவின் போனோடு வந்த கேபிளை மாட்டியதும் மூலையில் 'வயர்டு கனெக்டட்' என்று வந்தது.

டிரைவர் இறங்கியது. ரீபூட் செய்தாள். மறுபடியும் வைஃபை இல்லை. இந்த இடத்தில் நிறைய பேர் மனம் வெறுத்துப்போகிறார்கள், அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். நம்பகமான மென்பொருளை மட்டும் ஓடவிடும் 'செக்யூர் பூட்' ஆன் ஆகியிருந்தால், டிஜிட்டல் கையெழுத்து இல்லாத டிரைவரை லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் ஏற்காது. அதனால் டிரைவர் போடும்போதே ஒரு பாஸ்வேர்டு கேட்கும். அடுத்த ரீபூட்டில் நீல நிறத்தில் ஒரு திரை வரும். பத்து விநாடிக்குள் ஏதாவது ஒரு கீயை அழுத்தி, 'என்ரோல் எம்ஓகே' என்பதைத் தேர்ந்து, அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். அவள் பயந்துபோய் 'கன்டினியூ பூட்' அழுத்திவிட்டாள். அப்படிச் செய்தால் அந்தக் கோரிக்கையே போய்விடும், பழையபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டாம் தடவை நான் லைனில் இருக்க, ஒவ்வொரு வரியாக வாசித்துக்கொண்டே செய்தாள். பதினொன்றரைக்கு வைஃபை வந்தது.

டிரைவர் சரியாக இருந்தும் ஹாட்ஸ்பாட் பெயர் தெரியவில்லை என்றால் போனைப் பாருங்கள். பல பழைய லேப்டாப் கார்டுகளுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். போன் 5 கிகாஹெர்ட்ஸில் ஹாட்ஸ்பாட் விட்டால் அது கார்டின் கண்ணிலேயே படாது. போன் செட்டிங்ஸில் பேண்டை மாற்றினால் போதும். இதைப் பார்க்காமல் லினக்ஸை மூன்று தடவை மறுபடி போட்டவர் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்.

எவரோ எழுதிய டிரைவர் கோடை இறக்கிக் கம்பைல் செய்பவர்கள், கெர்னல் மாறும்போதெல்லாம் டிரைவரைத் தானாகத் திரும்பக் கட்டித் தரும் டிகேஎம்எஸ் வழியாகப் போடுங்கள். இல்லையென்றால் அடுத்த கெர்னல் அப்டேட்டோடு வைஃபையும் போய்விடும், என்ன ஆனது என்றே புரியாது. யுஎஸ்பி வைஃபை டாங்கிள் வாங்குவதென்றால் பெட்டியில் உள்ள மாடலோடு வெர்ஷன் எண்ணையும் பாருங்கள். ஒரே மாடல் பெயரில் வெர்ஷனுக்கு வெர்ஷன் உள்ளே சிப் மாறுவது உண்டு.

இன்ஸ்டாலருக்கு டிஸ்க்கே தெரியவில்லை என்றால் லேப்டாப்பின் அடிப்படை செட்டிங்ஸான பயாஸில் ஸ்டோரேஜ் 'ஆர்எஸ்டி' அல்லது 'ரெய்டு' என்று இருக்கலாம். அதை 'ஏஹெச்சிஐ' ஆக்க வேண்டும். ஆனால் விண்டோஸும் வேண்டும் என்றால் அவசரப்பட்டு மாற்றாதீர்கள். முதலில் விண்டோஸை, குறைந்தபட்ச டிரைவர்களோடு மட்டும் எழும் சேஃப் மோடுக்குத் தயார்செய்து வைத்துவிட்டு மாற்றினால்தான் அது மறுபடி பூட் ஆகும்.

அப்புறம் கரண்ட். பழைய லேப்டாப்களில் பேட்டரி செத்திருக்கும், நேர் கரண்டில்தான் ஓடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் டிஸ்க்கைப் பார்ட்டிஷன்களாகப் பிரிக்கும் நேரம் பார்த்துக் கரண்ட் போனால் உள்ளே இருக்கும் ஃபைலும் போய்விடும். இன்வெர்ட்டர் உள்ள வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் போடுங்கள். அதற்கு முன்பு போட்டோவையும் புராஜெக்ட்டையும் வேறொரு பென்டிரைவில் எடுத்து வையுங்கள்.