அளந்த பிறகே பட்டறை வேலை: என் அனுபவம்

ஆயில் குடித்துப் புகை கக்கிய எஞ்சினைப் பிரித்ததும், போரிங் (சிலிண்டர் துளையைக் கடைந்து பெரிதாக்குவது), கிராங்க் கிரைண்டிங் (கிராங்க் தண்டைச் சாணை பிடிப்பது), ஹெட் ஃபேசிங் (சிலிண்டர் மூடியின் அடிப்பரப்பைச் சமமாகச் சீவுவது) எல்லாவற்றையும் செய்துவிடலாம் என்று பட்டறையில் சொன்னார்கள்; அளக்காமல் உலோகத்தைச் சீவ நான் சம்மதிக்கவில்லை. சிலிண்டர் ஒவ்வொன்றையும் மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில், குறுக்கும் நெடுக்குமாக துளையின் விட்டத்தை அளக்கும் போர் கேஜால் அளந்தேன். பிஸ்டனின் மேல் ரிங் மேலே போய்த் திரும்பும் இடத்தில் நகம் தட்டும் அளவுக்கு விளிம்பு இருந்ததுடன், தேய்மானமும் கையேட்டு வரம்பைத் தாண்டியிருந்ததால் போரிங் உறுதியாயிற்று. ஓவர்சைஸ் (அளவில் சற்றுப் பெரிய) பிஸ்டன்களை வாங்கிக் கொடுத்த பிறகே அந்த வேலையைத் தொடங்கச் சொன்னேன். துளையின் இறுதி அளவை பிஸ்டனை அளந்துதான் முடிவு செய்ய வேண்டும். கிராங்க் ஜர்னல்கள் (தண்டில் பேரிங் பொருந்தும் பகுதிகள்) கீறலின்றி, மைக்ரோமீட்டர் அளவிலும் வரம்புக்குள் இருந்ததால் பாலிஷ் மட்டுமே போதுமானதாக இருந்தது. ஹெட்டின் அடிப்பரப்பில் வைத்த நேர்ச்சட்டத்துக்கு அடியில், இடைவெளி அளக்கும் 0.05 மி.மீ. ஃபீலர் தகடுகூட நுழையவில்லை. எனவே ஃபேசிங்கைத் தவிர்த்து, வால்வு சீட்டுகளை (வால்வுகள் வந்து அமரும் இடங்களை) மட்டும் வெட்டச் சொன்னேன்.