ரிமோட் ரேஸ் படகு: முதலில் ஹல், அப்புறம் மோட்டார்

ரேஸ் படகு கட்டலாம் என்று இறங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது மோட்டார் பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்திருக்கும் கேவி எண்ணை, அதாவது ஒரு வோல்ட்டுக்கு மோட்டார் எத்தனை சுற்று சுற்றும் என்பதைத்தான். 2000-ஐ விட 3000 வேகம், 3000-ஐ விட 4000 வேகம் என்று ஒரு மனக்கணக்கு. அப்படி வாங்கிய மோட்டாரைக் கையில் வைத்துக்கொண்டு அதற்கொரு படகு தேடினால், ஒன்று மோட்டார் புகையும், இல்லையென்றால் படகு முதல் திருப்பத்திலேயே கவிழும். வரிசையை அப்படியே திருப்பிப் போடுங்கள். ஓட்டப்போகும் தண்ணீர், அதற்கேற்ற ஹல் (படகின் உடல்), ஹல்லின் நீளத்துக்கேற்ற பேட்டரி, பேட்டரிக்கேற்ற கேவி. கேவிக்கு இடம் கடைசியில்தான்.

இங்கே சொல்வது மின் மோட்டாரில் ஓடி, தண்ணீரின் மேல் சறுக்கிப் போகும் படகுகளைப் பற்றி மட்டும். பெட்ரோல், நைட்ரோ எஞ்சின்களுக்கு வேறு கணக்கு.

படி 1: தண்ணீரைப் பாருங்கள்

ஓட்டப்போகும் இடத்தில் ஒரு மாலை நேரம் நின்று பாருங்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, அலை உள்ளங்கை உயரத்துக்கு எழுகிறதா, பாசியும் தாமரைக்கொடியும் கரையிலிருந்து எவ்வளவு தூரம் படர்ந்திருக்கின்றன என்று கவனியுங்கள். யாராவது குளிக்கிற, நீந்துகிற இடமென்றால் அதை மறந்துவிடுங்கள். நிமிடத்துக்கு இருபதாயிரம் தடவைக்கு மேல் சுற்றும் கூரான உலோகத் தகடு கத்தியைவிட மோசம்.

போட்டியில் கலந்துகொள்ளும் எண்ணம் இருந்தால் அந்த கிளப்பின் விதிப்புத்தகத்தை இப்போதே படியுங்கள். பெரும்பாலும் பேட்டரியின் செல் எண்ணிக்கையை வைத்துத்தான் வகுப்பு பிரிப்பார்கள். உதாரணமாக, வட அமெரிக்காவின் மாடல் படகுச் சங்கமான நாம்பாவின் விதிகளில் ‘பி’ (P) வகுப்பு என்றால் 4எஸ், அதாவது நான்கு செல் பேட்டரி. எல்லாவற்றையும் வாங்கி முடித்த பிறகு விதியைப் படிப்பதில் பயனில்லை.

படி 2: ஹல்

ஆழமான ‘வி’ வடிவ அடிப்பாகம் கொண்டது மோனோ. அலையை வெட்டிக்கொண்டு போகும். தண்ணீர் கொஞ்சம் கலங்கியிருந்தாலும் சமாளிக்கும். கவிழ்ந்தாலும் தானே நிமிரும்படி, ஒரு பக்கம் தண்ணீர் புகும் அறை வைத்த மோனோக்கள் கிடைக்கின்றன. படகை எடுக்கத் தண்ணீரில் இறங்க முடியாத இடங்களில் அது பெரிய நிம்மதி. குறை ஒன்று உண்டு: புரொப்பெல்லர் சுற்றும் திசைக்கு எதிர்ப்பக்கமாக ஹல் சாயப் பார்க்கும். பின்னால் இருக்கும் ட்ரிம் டேப் என்ற சின்னத் தகடுகளைச் சரிசெய்து அதை அடக்கலாம்.

கேட்டமரன் இரண்டு கால்களில் ஓடும். நடுவிலுள்ள சுரங்கத்தில் காற்று புகுந்து படகைத் தூக்கிப்பிடிப்பதால், நேர்கோட்டில் மோனோவை முந்தும், சாய்வும் குறைவு. ஆனால் அதே காற்றுதான் அதற்கு எமன். எதிர்க்காற்று ஒரு வீச்சு கூடுதலாக வந்தால் மூக்கு எழும்பி, படகு பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடித்துவிடும்.

ஹைட்ரோபிளேன், அவுட்ரிகர் இரண்டும் மூன்று சின்னப் புள்ளிகளில் மட்டும் தண்ணீரைத் தொட்டு ஓடுகிறவை. வேகத்தில் அவுட்ரிகரை அடிக்க ஆளில்லை. ஆனால் தண்ணீர் கண்ணாடியாகக் கிடக்க வேண்டும், நிறுத்தி வைத்தால் அசிங்கமாக மிதக்கும், மெதுவாக ஓட்டவும் முடியாது. முதல் படகாக இதை வாங்காதீர்கள்.

என் கருத்தில் முதல் படகு 60 முதல் 70 செ.மீ. நீள மோனோ. அதைவிடச் சின்னது ஒவ்வொரு அலைக்கும் குதிக்கும். அதைவிடப் பெரியது பேட்டரியிலேயே பணத்தைத் தின்றுவிடும். ஏபிஎஸ் பிளாஸ்டிக் விலை குறைவு, கரையில் இடித்தாலும் தாங்கும். ஃபைபர் கிளாஸ் விறைப்பாக நிற்கும், ரிப்பேரும் செய்யலாம். காசு இருந்தால் ஃபைபர் கிளாஸ் வாங்குங்கள்.

வாங்கும்போது நிறத்தையும் ஸ்டிக்கரையும் விட்டுவிட்டு ஹல்லைக் கவிழ்த்துப் போடுங்கள். ஒரு ஸ்டீல் ஸ்கேலை அடிப்பாகத்தின் பின் மூன்றில் ஒரு பகுதியில், நீளவாக்கில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஸ்கேலுக்கும் ஹல்லுக்கும் இடையே நடுவில் வெளிச்சம் தெரிந்தால் அடி உட்குழிந்திருக்கிறது. அந்தப் படகு ஓடும்போது மூக்கைத் தண்ணீரில் அழுத்தும். மாறாக, ஸ்கேல் நடுவில் முட்டிக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினால் அடி புடைத்திருக்கிறது. அது மூக்கைத் தூக்கித் தூக்கிப் போடும். எந்த மோட்டார் போட்டாலும் இந்த இரண்டு குறையும் தீராது. அடுத்து, பின்சுவரும் அடியும் சேரும் விளிம்பை விரலால் தடவுங்கள். அது கூராக இருக்க வேண்டும். உருண்டையாக இருந்தால் தண்ணீர் சட்டென்று பிரியாமல் ஹல்லை ஒட்டிக்கொண்டே வந்து இழுக்கும். கொஞ்சம் எபாக்ஸி பூசி, உப்புத்தாளைக் கட்டையில் சுற்றித் தேய்த்தால் ஒரு மாலைக்குள் கூராக்கிவிடலாம்.

படி 3: பேட்டரி

லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியில் ஒரு செல்லின் சராசரி மின்னழுத்தம் 3.7 வோல்ட், முழுதாக ஏறினால் 4.2. நான்கு செல் தொடராக இருந்தால் 4எஸ், அதாவது 14.8 வோல்ட்.

40 செ.மீ. படகுக்கு 2எஸ் அல்லது 3எஸ், 60–70 செ.மீ. படகுக்கு 3எஸ் அல்லது 4எஸ், 90 செ.மீ.யைத் தாண்டினால் 6எஸ். இதுதான் வழக்கமான பொருத்தம். ஒரே சக்திக்கு வோல்ட் கூடினால் ஆம்பியர் குறையும். ஆம்பியர் குறைந்தால் சூடு குறையும். அதனால் ஹல்லும் விதியும் இடம் கொடுத்தால் வோல்ட் பக்கம் சாயுங்கள்.

படி 4: மோட்டார்

பிரஷ்லெஸ், அதாவது கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார்தான். அதிலும் இன்ரன்னர், அதாவது வெளிக்கூடு அசையாமல் உள்ளே மட்டும் சுற்றும் வகை. காரணம், மூடிய படகுக்குள் காற்று வராது. தண்ணீரால்தான் மோட்டாரைக் குளிர்விக்க வேண்டும். வெளிக்கூடு சுற்றினால் அதன்மேல் தண்ணீர் உறையை மாட்ட முடியாது.

மோட்டார் மேல் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3660 என்றால் விட்டம் 36 மி.மீ., நீளம் 60 மி.மீ. சக்தியைத் தாங்கும் திறனைச் சொல்வது இந்த எண்தான், கேவி அல்ல. 40 செ.மீ. படகுக்கு 28 மி.மீ. விட்ட மோட்டார், 60–70 செ.மீ. படகுக்கு 36 மி.மீ., 90 செ.மீ. படகுக்கு 40 மி.மீ. அல்லது அதற்கு மேல்.

இப்போது கேவி. ஒரு வோல்ட்டுக்கு, சுமை இல்லாமல், நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதுதான் அது. பாதி தண்ணீரிலும் பாதி காற்றிலும் சுற்றும் ரேஸ் புரொப்பெல்லருக்கு, சுமையில்லாத கணக்கில் 25,000 முதல் 35,000 சுற்று போதும். புதியவர்கள் 30,000-ஐ இலக்காக வைத்துக்கொள்ளுங்கள். அதை வோல்ட்டால் வகுத்தால் கேவி கிடைத்துவிடும்:

2எஸ்: 30,000 ÷ 7.4 = சுமார் 4000 கேவி
3எஸ்: 30,000 ÷ 11.1 = சுமார் 2700 கேவி
4எஸ்: 30,000 ÷ 14.8 = சுமார் 2000 கேவி
6எஸ்: 30,000 ÷ 22.2 = சுமார் 1350 கேவி

4எஸ் படகில் 2000-க்குப் பதில் 2400 கேவி போட்டால் என்ன என்று கேட்காதவர்கள் கிடையாது. சுற்று 20 சதவீதம் கூடும், சரி. ஆனால் அதே புரொப்பெல்லரை அந்த வேகத்தில் சுற்றத் தேவைப்படும் சக்தி 1.2 × 1.2 × 1.2, அதாவது ஏறக்குறைய 1.7 மடங்கு. பேட்டரி, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, வயர் எல்லாமே அந்த 1.7 மடங்கைச் சுமந்தாக வேண்டும். புகை வருவது இதனால்தான்.

படி 5: புரொப்பெல்லர்

ஆக்டுரா நிறுவனத்தின் ‘எக்ஸ் 440’ புரொப்பெல்லரை எடுத்துக்கொள்வோம். விட்டம் 40 மி.மீ.; பிட்ச் விகிதம், அதாவது ஒரு சுற்றில் முன்னேறும் தூரம் விட்டத்தைப் போல் எத்தனை மடங்கு என்பது, 1.4. வழுக்கலே இல்லாவிட்டால் ஒரு சுற்றுக்கு 40 × 1.4 = 56 மி.மீ. முன்னே நகரும். 4எஸ், 2000 கேவி என்றால் 29,600 சுற்று. பெருக்கினால் மணிக்கு 99 கி.மீ. வரும். உடனே நண்பர்களிடம் சொல்லிவிடாதீர்கள். சுமையில் மோட்டாரின் சுற்று குறையும், புரொப்பெல்லரும் வழுக்கும். நிஜத்தில் 60 முதல் 70 கி.மீ. கிடைத்தாலே அது நன்றாக அமைந்த படகு.

நான் சொல்வது, 40-இல் தொடங்காமல் 36 அல்லது 38 மி.மீ. புரொப்பெல்லரில் தொடங்குங்கள். விட்டத்தில் 2 மி.மீ. கூட்டினாலே சுமை கால் பங்குக்கு மேல் ஏறிவிடும். ஒரு மோட்டார் பிழைப்பதும் எரிவதும் இந்த 2 மி.மீ.யில் தீர்மானமாகிவிடும் என்பதைப் பலர் நம்புவதே இல்லை.

படி 6: மிச்ச சாமான்கள்

வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, எல்லோரும் சொல்கிறபடி இ.எஸ்.சி., தண்ணீர்க் குழாய் பொருத்தும் படகு வகையாக இருக்க வேண்டும். சராசரியாக 80 ஆம்பியர் ஓடும் என்று எதிர்பார்த்தால் 120 ஆம்பியர் வாங்குங்கள். 5000 எம்ஏஎச் (5 ஆம்பியர்-மணி), 30சி (கொள்ளளவைப் போல் 30 மடங்கு) பேட்டரி கணக்குப்படி 5 × 30 = 150 ஆம்பியர் கொடுக்கும், போதும். ஓடும் நேரம்? பேட்டரியில் 80 சதவீதத்தை மட்டும் செலவழித்தால் 4 ஆம்பியர்-மணி. 80 ஆம்பியரில் அது 3 நிமிடம். ரேஸ் படகுக்கு இது குறைவே அல்ல.

பேட்டரிக்கும் இ.எஸ்.சி.க்கும் நடுவிலுள்ள வயரை நீட்டாதீர்கள். நீட்டினால் மின்னழுத்தம் ஏறி இறங்கி இ.எஸ்.சி.யைக் கெடுக்கும். தூரம் எட்டவில்லையென்றால் மோட்டார் பக்க வயரை நீட்டுங்கள்.

மோட்டாரையும் புரொப்பெல்லரையும் இணைக்கும் முறுக்குக் கேபிள் சுமை ஏறும்போது சற்றே சுருங்கும். அதனால் புரொப்பெல்லரின் முன்னாலுள்ள பூட்டுக்கும் அதைத் தாங்கும் ஸ்ட்ரட்டுக்கும் இடையே 3 மி.மீ. இடைவெளி விடுங்கள். பொருத்தியதும் புரொப்பெல்லரைக் கையால் சுற்றிப் பாருங்கள். ஒரு சுற்றில் ஏதாவது ஓர் இடத்தில் மட்டும் இறுகினால் மோட்டார் நேராக உட்காரவில்லை. திருகுகளைத் தளர்த்தி, அசைத்து, திரும்ப முறுக்குங்கள். அந்த இறுக்கம் போகாமல் தண்ணீரில் விட வேண்டாம்.

படி 7: எடையும் முதல் ஓட்டமும்

பேட்டரி உட்பட எல்லாவற்றையும் உள்ளே வைத்து, படகை இரண்டு பக்கமும் ஆள்காட்டி விரலால் தூக்குங்கள். பின்சுவரிலிருந்து நீளத்தில் 30 சதவீதத்தில் அது சமமாக நிற்க வேண்டும், 70 செ.மீ. படகென்றால் 21 செ.மீ. சமமாக நிற்காவிட்டால் பேட்டரியை நகர்த்துங்கள், ஈயக்கட்டி ஒட்டாதீர்கள். காலியாக இருக்கும் மூலைகளில் நுரைத் துண்டுகளைத் திணியுங்கள். கவிழ்ந்தால் மிதப்பதற்கு அதுதான் கதி. மூடியைச் சுற்றி டேப் ஒட்டுங்கள்.

எப்போதும் முதலில் டிரான்ஸ்மிட்டர், பிறகு படகு; அணைக்கும்போது முதலில் படகு. கரையிலேயே படகைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, கை புரொப்பெல்லர் பக்கம் போகாமல், மோட்டாரை மெதுவாக ஓடவிட்டு டிரான்ஸ்மிட்டரை அணையுங்கள். மோட்டார் உடனே நின்றால் ஃபெயில்சேஃப், அதாவது சிக்னல் அறுந்தால் மோட்டாரை நிறுத்தும் ஏற்பாடு, சரி. நிற்காவிட்டால் அன்றைக்கு ஓட்டம் கிடையாது.

ரேஸில் வலப்பக்கமாகத்தான் திருப்புவார்கள். திருப்பத்தில் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும் தகடு ஹல்லின் வலது பக்கம் இருப்பது அதற்காகத்தான். இடப்பக்கம் வேகமாகத் திருப்பினால் படகு கவிழும். பழகும்போதே வலப்பக்கம் பழகிக்கொள்ளுங்கள். ஓடும்போது பக்கவாட்டுத் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறதா என்று பாருங்கள். அடிக்கவில்லையென்றால் குழாயில் பாசி அடைத்திருக்கிறது, உடனே கரைக்குக் கொண்டு வாருங்கள்.

முதல் ஓட்டம் ஒரே நிமிடம். கொண்டுவந்து மூடியைத் திறந்து மோட்டார், இ.எஸ்.சி., பேட்டரி மூன்றையும் தொட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று விநாடிகூட விரலை வைத்திருக்க முடியாத சூடென்றால் புரொப்பெல்லரைச் சின்னதாக்குங்கள். மூன்றும் வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால் இரண்டு நிமிடம் ஓட்டுங்கள், அதற்கப்புறம் மூன்று. அப்போதும் சூடு ஏறாவிட்டால்தான் அடுத்த அளவு புரொப்பெல்லர்.

வீட்டுக்கு வந்ததும் பேட்டரியை செல்லுக்கு 3.8 வோல்ட்டுக்குக் கொண்டுவந்து வையுங்கள். முறுக்குக் கேபிளை வெளியே உருவித் துடைத்து, புதிதாக கிரீஸ் தடவிச் செருகுங்கள். கடல் நீரில் ஓட்டியிருந்தால் அதற்கு முன்பே எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்.