ஏர்-கூல்டு காரில் பெரிய எஞ்சின் ஏற்றும் முன்

தண்ணீர் இல்லாமல் காற்றாலேயே எஞ்சினைக் குளிர்விக்கும் பழைய போர்ஷே 914-ல் நாலு சிலிண்டர் எஞ்சினை இறக்கிவிட்டு 911-இன் ஆறு சிலிண்டரை ஏற்ற ஆசையா? குதிரைத்திறன் கணக்கு பிறகு. ஆறு சிலிண்டர் என்றால் தனி ஆயில் டேங்க், அதற்கான குழாய்கள், வேறு மவுண்ட் எல்லாம் கூடவே வரும். என்னைக் கேட்டால், 2.0 லிட்டர் நாலு சிலிண்டர் எஞ்சினிலேயே 94 மி.மீ. பிஸ்டன் செட்டை 96 ஆக்கி 2056 சிசி-க்குக் கொண்டுவந்தாலே தாராளம்.

எதைச் செய்தாலும், எஞ்சினைச் சுற்றியுள்ள தகரத்தின் ஓர ரப்பரைப் புதிதாகப் போடுங்கள். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மே மாத மதியத்தில் சிக்கினால், கீழே போன சூட்டுக்காற்று ரப்பர் சரியில்லாத இடுக்கு வழியாக மேலேறும்; ஃபேன் அதையே திரும்ப உறிஞ்சும். ராயபுரம் ஷெட்டில் ஒரு ராத்திரி விளக்கை அணைத்து, வண்டிக்கு அடியில் டார்ச் வைத்து மேலிருந்து பார்த்தோம். பின்பக்கம் விரல் அகலத்துக்கு வெளிச்சம்! புது ரப்பர் என்றுதான் காசு வாங்கியிருந்தார்கள்.

ஆயில் டெம்பரேச்சர் மீட்டர் ஒன்றும் மாட்டிவிடுங்கள். எஞ்சின் நம்பர் மாறினால் ஆர்.சி.யிலும் மாற வேண்டும், ஆர்.டி.ஓ. ஆபீஸில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.