பந்தைத் தொடும் நொடியில் முன்கையை உருட்ட வேண்டுமா?

கோல்ஃபில் பந்து வலப்பக்கம் வளைந்து போகிறது என்றதும் புதியவர்களுக்குக் கிடைக்கும் முதல் அறிவுரை, "அடிக்கும்போது முன்கையை உருட்டு" என்பதுதான். அதைக் கேட்டால் ஒரு பந்து வலப்பக்கமும் அடுத்தது இடப்பக்கமும் போகும். (இங்கே சொல்வதெல்லாம் வலக்கை ஆட்டக்காரருக்கு, இடக்கையர் திசைகளை மாற்றிக்கொள்ளவும்.)

கிளப்பும் (பந்தை அடிக்கும் கோல்) பந்தும் ஒட்டியிருப்பது ஏறக்குறைய அரை மில்லிநொடிதான். மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் வரும் கிளப் அதற்குள் 2 செ.மீ. அளவே நகர்கிறது. கிளப் உச்சியிலிருந்து பந்துக்கு இறங்கும் டவுன்ஸ்விங் முழுவதுமே ஏறக்குறைய கால் நொடியில் முடிந்துவிடும். அந்த அவசரத்தில் கையால் கிளப்பின் முகத்தை (பந்தில் படும் பக்கம்) திருத்த யாராலும் முடியாது. பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் கிளப்பின் முகமே முடிவு செய்கிறது. 3 டிகிரி வலப்பக்கம் கிளம்பிய பந்து துளிகூட வளையாமல் பறந்தாலும், 150 கஜத்தில் இலக்கைவிட்டு 8 கஜம் தள்ளியே விழும். முகத்துக்கும் கிளப் வரும் பாதைக்கும் உள்ள வித்தியாசம்தான் பந்தை வளைக்கிறது.

புகைப்படங்களில் வலது முன்கை இடதுக்கு மேலே ஏறியிருப்பதைப் பார்த்துவிட்டு அதை அப்படியே செய்யப் பார்க்கிறார்கள். அந்தப் படம் எடுக்கப்பட்டபோது பந்து எப்போதோ போய்விட்டது! உடல் திரும்ப, கை தொடர, முன்கை தானாகச் சுழல்கிறது. உடல் நின்றுபோய்க் கை மட்டும் ஓடினால்தான் முன்கை அளவுக்கு மீறி உருளும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: முகத்தைக் கடைசிவரை இலக்கைப் பார்த்தபடியே பிடித்து வைப்பது. கிளப் சாய்வான வட்டத்தில் சுற்றுவதால் இலக்குக் கோட்டோடு ஒப்பிடும்போது முகம் திறந்து (வலப்பக்கம் திரும்பி) மூடத்தான் (இடப்பக்கம் திரும்பத்தான்) செய்யும். அதைத் தடுத்தால் ஸ்லைஸ்தான் (வலப்பக்கம் வளையும் அடி) மிச்சம்.

7 அயர்னை (நடுத்தரத் தூரத்துக்கான கிளப்) எடுத்துக்கொண்டு இப்படித் தொடங்குங்கள்.

1. கிரிப் (கிளப்பைப் பிடிக்கும் விதம்). பந்துக்கு முன் நின்று குனிந்து பார்த்தால் இடக்கையில் 2 அல்லது 3 விரல் முட்டிகள் தெரிய வேண்டும். ஒன்றுதான் தெரிகிறது என்றால் முகம் திறந்தே வரும். முன்கையை உருட்டும் ஆசை அங்கேதான் பிறக்கிறது. ஸ்லைஸ் அடிப்பவர்களில் பலர் இந்த ஒரு படியைச் சரிசெய்தாலே பாதி தொல்லை தீரும்.

2. பேக்ஸ்விங்கில் (கிளப்பைப் பின்னால் தூக்கும்போது) இடுப்பு உயரத்தில் நிறுத்துங்கள். கிளப்பின் தண்டு தரைக்கு இணையாக வந்ததும் முகத்தின் கீழ் விளிம்பைப் பாருங்கள். உங்கள் முதுகு எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ, விளிம்பும் ஏறக்குறைய அவ்வளவு சாய்ந்திருந்தால் சரி. முகம் வானம் பார்த்தால், முன்கையை இப்போதே உருட்டிவிட்டீர்கள். தரையைப் பார்த்தால் மிகவும் மூடியிருக்கிறது.

3. பேக்ஸ்விங்கின் உச்சியில் இடது மணிக்கட்டு. முன்கைச் சுழற்சி வேறு, மணிக்கட்டு வளைவது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் பெரிய சிக்கல். புறங்கைப் பக்கம் மடங்கினால் முகம் திறக்கும், உள்ளங்கைப் பக்கம் மடங்கினால் மூடும். 15 செ.மீ. பிளாஸ்டிக் ஸ்கேலைக் கையுறையின் புறங்கைப் பக்கம் செருகி, பாதி முன்கைமேல் படியும்படி வையுங்கள். பேக்ஸ்விங் முடிவில் அது முன்கையை அழுத்திக் குத்தினால் மணிக்கட்டு பின்னால் மடங்கிவிட்டது. 3 முட்டிகள் தெரியும் கிரிப்புக்குச் சிறிது மடிப்பு இயல்பானதே; அதைத் தட்டையாக்க வேண்டாம்.

அமெரிக்க கோல்ஃப் வீரர் டஸ்டின் ஜான்சனின் இடது மணிக்கட்டு உச்சியில் நன்றாக உள்ளங்கைப் பக்கம் வளைந்திருக்கும். உடலை அவ்வளவு வேகமாகத் திருப்புவதால்தான் அவரது பந்து இடப்பக்கம் ஓடாமலிருக்கிறது. அந்தத் திருப்பம் இல்லாமல் மணிக்கட்டை மட்டும் நகலெடுத்தால் ஹூக் (இடப்பக்கம் வளையும் அடி) நிச்சயம்.

4. அரை ஸ்விங். பின்னால் இடுப்பு உயரத்திலிருந்து முன்னால் இடுப்பு உயரம் வரை, பாதி வேகத்தில் 20 பந்துகள். பந்து போன பிறகும் மார்பு இலக்கை நோக்கித் திரும்பிக்கொண்டே இருக்கட்டும். முடிவில் நிறுத்தி, 2ஆம் படியில் பார்த்த அதே விளிம்பைப் பாருங்கள். முகம் தரையைப் பார்த்தால் கை உடலை முந்திவிட்டது. வானத்தைப் பார்த்தால் முகத்தைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள்.

பந்து இடப்பக்கம் கிளம்பி வலப்பக்கம் வளைந்தால், கிளப் வெளியிலிருந்து உள்ளே வெட்டி வருகிறது. அப்போது முகத்தை மூடினால் பந்து நேராக இடப்பக்கம் போகும். பாதையைத்தான் முதலில் திருத்த வேண்டும். 20இல் 15 பந்துகளாவது ஒரே பக்கமாகக் கிளம்பும்வரை முழு ஸ்விங் வேண்டாம், டிரைவரும் (மிக நீளமான கிளப்) பையிலேயே இருக்கட்டும்.