ஏஎஸ்/400 ரீஸ்டார்ட் மணிக்கணக்கில் இழுக்கிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐபிஎம் 1988-ல் ஏஎஸ்/400 என்று கொண்டுவந்த சர்வர் இன்று பவர் சிஸ்டங்களில் ‘ஐபிஎம் ஐ’ என்ற பெயரில் ஓடுகிறது. பெயர் எத்தனை மாறினாலும், ரீஸ்டார்ட்டுக்கு ஐபிஎல் (இனிஷியல் புரோகிராம் லோட்) என்றுதான் சொல்கிறோம். வழக்கமாகச் சீக்கிரம் முடிகிற ஐபிஎல் ஒருநாள் மணிக்கணக்கில் இழுத்தால் எல்லோரும் வன்பொருளைச் சந்தேகிக்கிறார்கள். பெரும்பாலும் கோளாறு அங்கே இருக்காது. சிஸ்டத்தை இறக்கிய விதத்தில் இருக்கும்.

பொறுமையிழந்து பவர் பட்டனை அழுத்துவதுதான் மிகப் பெரிய தவறு. சர்வரின் பேனலில் வரும் ‘கோட்’ எண்ணைப் பாருங்கள். சி1 என்று தொடங்கினால் வன்பொருளை எழுப்பும் சர்வீஸ் பிராசசர் வேலை செய்கிறது. சி6 என்றால் லைசென்ஸ்டு இன்டர்னல் கோட், அதாவது ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு அடியில் உள்ள மென்பொருள். சி9 என்றால் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஏறிக்கொண்டிருக்கிறது. கோட் மாறிக்கொண்டே இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். ஒரே கோட் வெகுநேரம் அசையாமல் நின்றாலும் உடனே அணைக்காதீர்கள். சப்போர்ட்டைக் கூப்பிடுங்கள், அவர்கள் சொன்னால் பேனலில் 22-ஆம் ஃபங்ஷனைக் கொண்டு மெயின் ஸ்டோரேஜ் டம்ப் (அந்த நேரத்து மெமரியின் நகல்) எடுங்கள். அது இல்லாமல் அணைத்துவிட்டால் எங்கே மாட்டியது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

அடுத்தது, ஜாப்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே பவர் டவுன் சிஸ்டம் கமாண்டை ‘இமீடியட்’ என்று கொடுப்பது. பவர் டவுன் லிமிட் என்றொரு சிஸ்டம் வேல்யூ இருக்கிறது. ஐபிஎம் தரும்போது அது 900 விநாடி. அந்தக் கெடுவுக்குள் ஜாப்கள் முடியவில்லை என்றால் சிஸ்டம் காத்திருக்காது, அப்படியே இறங்கிவிடும். அடுத்த ஐபிஎல் ‘அப்நார்மல்’ ஆகிவிடும், அதாவது ஒழுங்காக இறங்காத சிஸ்டத்தைச் சரிசெய்துகொண்டே எழ வேண்டியிருக்கும். கமிட் ஆகாத (உறுதி செய்யப்படாத) பெரிய அப்டேட் ஒன்று ரோல்பேக் ஆகி, பழைய நிலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தால் இது சுலபமாக நடக்கும். அதனால் முதலில் ஜாப்கள் ஓடும் சப்சிஸ்டங்களை முடியுங்கள், ஆக்டிவ் ஜாப்களைப் பாருங்கள், அப்புறம் பவர் டவுன் கொடுங்கள். முந்தைய முடிவு அப்நார்மலா என்பதை அதற்கென்றே உள்ள சிஸ்டம் வேல்யூ காட்டும்: 1 என்றிருந்தால் ஆம்.

அப்நார்மல் ஐபிஎல்லில் நேரத்தை விழுங்குவதில் முக்கியமானது ஆக்சஸ் பாத் ரீபில்ட், அதாவது ஃபைலின் இண்டெக்ஸைத் திரும்பக் கட்டுவது. கீ உள்ள ஃபைல் ஒன்று திறந்திருக்கும்போது சிஸ்டம் விழுந்தால், அதன் இண்டெக்ஸை முழுவதும் திரும்பக் கட்ட வேண்டிவரலாம். கோடிக்கணக்கில் ரெக்கார்டுகள் உள்ள சேல்ஸ் ஹிஸ்டரி ஃபைலுக்கு ஐந்தாறு லாஜிக்கல் ஃபைல்கள் (அதே ரெக்கார்டுகளை வேறு வரிசையில் காட்டுபவை) இருந்தால் எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். இதைத் தவிர்க்கத்தான் இண்டெக்ஸ் மாற்றங்களைத் தானாகப் பதிந்துவைக்கும் ஸ்மாப் என்ற பாதுகாப்பை சிஸ்டமே வைத்திருக்கிறது. டிஸ்க் வேலையை மிச்சப்படுத்துவதாக நினைத்து அதை அணைத்து வைக்காதீர்கள். தினமும் கிடைக்கும் லாபம் சொற்பம். விழுந்த அன்று கொடுக்கும் விலை பெரிது.

ஃபைலின் ‘ரிகவர்’ பராமீட்டரையும் பாருங்கள். ஐபிஎல் என்றிருந்தால் அந்த ஃபைலின் ரீபில்ட் முடியும்வரை ஐபிஎல் காத்திருக்கும். ‘ஆஃப்டர் ஐபிஎல்’ என்று மாற்றினால் சைன் ஆன் ஸ்க்ரீன் வந்த பிறகு பின்னால் நடக்கும். ஆளிருக்கும்போது மேனுவல் மோடில் ஐபிஎல் செய்தால் ரீபில்ட் பட்டியல் திரையில் வரும்; அதில் சீக்வென்ஸ் எண்ணைக் கூட்டியும் வேலையைத் தள்ளிப்போடலாம். காலையில் பில் போட வேண்டிய ஃபைல் எது, மாதக் கடைசியில் மட்டும் தேவைப்படும் ஃபைல் எது என்பது உங்களுக்குத்தான் தெரியும், சிஸ்டத்துக்குத் தெரியாது.

ஐபிஎல் அட்ரிபியூட்களை (ஐபிஎல் நடக்கும் விதத்தைச் சொல்லும் அமைப்புகளை) யாரோ என்றோ மாற்றிவிட்டு மறந்திருப்பதும் உண்டு. ஜாப் பட்டியலின் காலி இடங்களை நீக்கும் ஜாப் டேபிள் கம்ப்ரஸ் ‘ஆல்’ என்று நின்றால் ஒவ்வொரு ஐபிஎல்லிலும் அந்த வேலை நடக்கும். தேவைப்படும்போது ‘நெக்ஸ்ட்’ என்று ஒருமுறை கொடுத்தால் போதும். ஹார்டுவேர் டயக்னாஸ்டிக், ரீஸ்டார்ட் டைப் இரண்டையும் கூடவே பாருங்கள். ஃபர்ம்வேர் மாற்றம் எதுவும் இல்லாதபோது ‘ஃபுல்’ ரீஸ்டார்ட் கொடுத்தால் வன்பொருளும் முதலிலிருந்து எழ வேண்டும், வீண் தாமதம்.

சில இடங்களில் ஐபிஎல் நேரத்துக்கு முடிந்திருக்கும், ஆனால் ‘சிஸ்டம் வரவில்லை’ என்று யூசர்கள் கூப்பிடுவார்கள். அங்கே பார்க்க வேண்டியது சப்சிஸ்டங்களை எழுப்பும் ஸ்டார்ட்அப் புரோகிராம். வருஷக்கணக்கில் ஆளாளுக்கு ஒரு டிலே ஜாப் வரி (கொஞ்ச நேரம் காத்திருக்கச் சொல்வது) சேர்த்திருப்பார்கள். அதைவிட மோசம், இல்லாத லைப்ரரி ஒன்றைக் கூப்பிடும் வரி. பிழையைப் பிடிக்கும் மானிட்டர் மெசேஜ் போடாத அந்த வரியில் புரோகிராம் அப்படியே நின்று, சிபிஏ0701 என்ற கேள்வியைச் சிஸ்டம் ஆப்பரேட்டர் மெசேஜ் க்யூவில் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும். கேன்சல், டம்ப், இக்னோர், ரீட்ரை இவற்றில் ஒன்றை ஒருவர் தட்டும்வரை மேற்கொண்டு எந்த சப்சிஸ்டமும் எழாது. ராத்திரி ஆளில்லாமல் ஐபிஎல் வைத்திருந்தால் விடியும்வரை இதே நிலைதான். எதையும் மாற்றுவதற்கு முன் அந்த மெசேஜ் க்யூ, ஹிஸ்டரி லாக், ஐபிஎல்லின்போது ஓடும் எஸ்சிபிஎஃப் ஜாபின் லாக் மூன்றையும் அதில் பதிவான நேரங்களோடு சேர்த்துப் படியுங்கள். எந்த இரண்டு வரிகளுக்கு நடுவில் பெரிய இடைவெளி விழுந்திருக்கிறதோ, அங்கிருந்து தேடத் தொடங்குங்கள்.