தீவுப்பகுதிக்குப் போகிறீர்களா? முதலில் காற்றைக் கேளுங்கள்

யாழ்ப்பாணம் போய்வந்தவர்களிடம் "தீவுப்பக்கம் போனீங்களா?" என்று கேட்டுப்பாருங்கள். "ஓம், நயினாதீவுக்குப் போய் அம்மனைக் கும்பிட்டிட்டு வந்தனாங்கள்" என்பதுதான் அநேகமாகப் பதிலாக வரும். விடிய வான் வண்டியில் ஏறி, குறிகாட்டுவானில் படகுக்கு வரிசையில் நின்று, கும்பிட்டு, அன்னதானம் சாப்பிட்டு, பின்னேரம் நல்லூரடியில் ஐஸ்கிரீமோடு அந்த நாள் முடிந்துவிடும். அதில் பிழையில்லை. ஆனால் ரொறன்ரோவிலிருந்து கியூபாவுக்கும் டொமினிக்கன் குடியரசுக்கும் ஒரு கிழமை போய்க் கடற்கரையில் கால்நீட்டிக் கிடக்கிற நாங்கள், சொந்த ஊரைச் சுற்றியிருக்கிற தீவுகளுக்கு மட்டும் அரைநாள் ஒதுக்குவது ஏன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. இந்த முறை மூன்று நாளாவது ஒதுக்குங்கள். எப்படி என்பதைக் கீழே எழுதுகிறேன்.

முதலில் காலம். எங்களில் பலருக்குப் பிள்ளைகளின் பள்ளிக்கூட விடுமுறையான ஆடி, ஆவணியில்தான் போகக் கிடைக்கும், நல்லூர்த் திருவிழாவும் அந்தநேரம்தான். அது சோளகம் என்கிற தென்மேற்குக் காற்றின் காலம். சோளகம் எழும்பினால், நயினாதீவைவிடத் தூரத்தில் கிடக்கிற நெடுந்தீவுக்குப் போகிற கடல் வேறு முகம் காட்டும், படகு ஓடினாலும் தண்ணீர் மேலே அடிக்கும், சிலநாள் ஓடவே ஓடாது. ஐப்பசி முதல் மார்கழி வரை வாடையும் மழையும். கடல் அடங்கிக் கிடப்பது தை முடிந்து சித்திரை வரையான நாட்களில்தான், அப்போது வெயிலும் தாங்கக்கூடியதாக இருக்கும், பண்ணைப் பக்கத்துக் களப்பில் வெளிநாட்டுப் பறவைகளும் நிற்கும். ஆடியில் போகவேண்டாம் என்று சொல்லவில்லை. ஆடியில் போனால் நெடுந்தீவைப் பயணத்தின் கடைசி நாட்களில் வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

இதைச் சும்மா சொல்லவில்லை, பட்டுத்தான் சொல்கிறேன். ஒரு ஆடி மாதம் குடும்பத்தோடு நெடுந்தீவுக்குப் போனோம். தெற்குப்பக்க வெளியில் குதிரை பார்த்துக்கொண்டு நின்றபோது ஓட்டோவுக்குக் காற்றுப் போய்விட்டது. சில்லு மாற்றி இறங்குதுறைக்கு வந்துசேர, படகு கைக்கெட்டாத தூரத்தில் ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தது. சரி, ஒரு இரவுதானே என்று ஓட்டோக்காரத் தம்பியின் மாமி வீட்டில் தங்கினோம். மறுநாள் காலை இறங்குதுறையில் நின்ற பெரியவர் கடலைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "சோளகம் எழும்பீட்டுது தம்பி. மத்தியானம் பாப்பம்." மத்தியானமும் பார்த்தோம், பின்னேரமும் பார்த்தோம். அன்றிரவு கொழும்புக்குப் பதிந்திருந்த சொகுசு பஸ் எங்களை விட்டுவிட்டே போனது. அந்த மாமி இரண்டாம் நாளும் முகம் சுளிக்காமல் புட்டு அவித்தார் என்பது வேறு கதை.

ஆகவே கணக்கு இதுதான்: நெடுந்தீவுக்கும் உங்கள் விமானத்துக்கும் இடையில் குறைந்தது மூன்று நாள் விடுங்கள். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதை இறங்கியவுடனேயே கேட்டு, அதற்கு முக்கால் மணிநேரம் முன்னதாகவே இறங்குதுறையில் நில்லுங்கள். படகு நேரங்கள் மாறிக்கொண்டே இருக்கும், எங்கேயோ வாசித்த நேரத்தை நம்பிப் போகவேண்டாம், முதல்நாள் ஊர்க்காரர் ஒருவரிடம் தொலைபேசியில் கேட்பதே மேல்.

போகும் வழி லேசு. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து 776ஆம் இலக்க பஸ் குறிகாட்டுவானுக்குப் போகும். பண்ணைப் பாலத்தில் ஏறி, வேலணை தாண்டி, கடலுக்குக் குறுக்கே போட்ட அடுத்த தாம்போதியால் புங்குடுதீவுக்குள் புகுந்து, அதன் மேற்கு முனையில் இறக்கிவிடும். முப்பது கிலோமீற்றர் அளவுதான், ஆனால் பஸ் நின்று நின்று போகும். வான் பிடிக்க வசதி இருந்தாலும் ஒருவழியாவது பஸ்ஸில் போங்கள். இரண்டு பக்கமும் முழங்கால் ஆழக் கடல், அதில் வரிசையாக நடப்பட்ட சிறகுவலைக் கம்புகள், ஒவ்வொரு கம்பிலும் ஒரு நீர்க்காகம். வானின் கறுப்புக் கண்ணாடிக்குள்ளால் அது தெரியாது.

குறிகாட்டுவானில் இரண்டு வரிசை இருக்கும், மாறி நின்றுவிடாதீர்கள். நயினாதீவுக்குப் படகுகள் அடிக்கடி ஓடும், கால்மணி, இருபது நிமிடத்தில் அக்கரை. நெடுந்தீவுக்கு ஒரு மணிநேரம், படகுகளும் குறைவு. குமுதினி, வடதாரகை, நெடுந்தாரகை என்று பெயர்கள் காதில் விழும், இவற்றில் எது ஓடுகிறது, எது பழுதாகிக் கரையில் நிற்கிறது என்பது அந்தந்த நாளின் விஷயம். குமுதினி என்ற பெயரைக் கேட்டுப் பிள்ளைகள் ஏதும் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து வந்துகொண்டிருந்த அந்தப் படகில்தான் பயணிகளை நடுக்கடலில் வெட்டிக் கொன்றார்கள். நெடுந்தீவில் அவர்களுக்கு நினைவிடம் இருக்கிறது.

படகில் பாதுகாப்பு அங்கி தந்தால் போடுங்கள், தராவிட்டால் கேட்டு வாங்குங்கள், "இவ்வளவு தூரம்தானே" என்று சிரிக்கிறவர்களைச் சிரிக்க விடுங்கள். கீழ்த்தட்டில் எஞ்சின் புகையும் வெக்கையும் வயிற்றைப் பிரட்டும். சத்தி வரக்கூடியவர்கள் காற்றுப் படுகிற இடமாகப் பார்த்து உட்காருங்கள், காலையில் வயிறுமுட்டச் சாப்பிடாமல் இரண்டு இடியப்பத்தோடு நிறுத்துங்கள். கடவுச்சீட்டின் பிரதி ஒன்று பையில் இருக்கட்டும், கடற்படையினர் கேட்டால் காட்டலாம்.

நெடுந்தீவில் இறங்கினால் ஓட்டோவும் பட்டா என்கிற சின்ன லொறியும் நிற்கும். கூட்டமாகப் போனால் பட்டாதான் நல்லது, பின்பெட்டியில் நின்றபடி தீவு முழுக்கப் பார்க்கலாம். எங்கெங்கே போவது, எவ்வளவு, எத்தனை மணிக்குத் திரும்ப விடுவது என்று மூன்றையும் ஏறமுன் பேசிவிடுங்கள். கிட்டத்தட்ட 50 சதுர கிலோமீற்றர் தீவு, சில ஆயிரம் பேர்தான் இருக்கிறார்கள், ஆதலால் நடந்து பார்ப்போம் என்ற எண்ணம் வேண்டாம், நிழல் கிடையாது. வழமையாகக் காட்டுகிற இடங்கள் இடிந்த கோட்டை, பெருத்த அடிமரமுள்ள பெருக்குமரம், புறாக்கூடு, வளரும் கல், பெரிய பாதச்சுவடு, சோழர் கிணறு, குதிரைவெளி. வளரும் கல் வளர்கிறதா என்று கேட்டு வழிகாட்டியைச் சங்கடப்படுத்தாதீர்கள். பெருக்குமரத்தின் அடியில் ஒரு பொந்து இருக்கிறது, அதற்குள் நுழைந்து நின்றால் வெளியே கொதிக்கிற வெயில் வேறெங்கோ போனதுபோல ஒரு குளிர்மை, எங்கள் சின்னவள் வெளியே வரமாட்டேன் என்று அடம்பிடித்த ஒரே இடம் அதுதான். மட்டக்குதிரைகள் ஐரோப்பியர் காலத்தில் கொண்டுவரப்பட்டவற்றின் வழிவந்தவை. தூரத்தில் நின்று பாருங்கள், பிஸ்கற் நீட்டவேண்டாம், துரத்திப் படம் எடுக்கவே வேண்டாம், கோடையில் அவை தண்ணீருக்கே அலைகின்றன.

ஆனால் நெடுந்தீவில் என்னைப் பிடித்து நிறுத்தியது பட்டியலில் இல்லாத ஒன்று: வேலிகள். யாழ்ப்பாணத்தில் பனையோலை வேலி பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, சாந்து எதுவும் இல்லாமல் முருகைக்கற்களை, அதாவது பவளப்பாறைக் கற்களை, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடுப்பு உயரத்துக்கு ஒழுங்கை ஒழுங்கையாக ஓடுகிற அந்த மதில்கள் புதினமாக இருக்கும். கிட்டப்போய்ப் பாருங்கள், ஒவ்வொரு கல்லிலும் ஒருகாலம் உயிரோடிருந்த முருகையின் பூ வடிவம் அப்படியே பதிந்திருக்கும். காற்று கற்களின் இடைவெளியால் புகுந்து போவதால் சோளகத்துக்கும் மதில் விழாது என்று பட்டாக்காரர் சொன்னார். நினைவுக்கு ஒரு துண்டு எடுத்துப்போகலாம் என்று நினைக்கிறீர்களா? விடுங்கள். அது ஒருவருடைய வேலி, அதோடு முருகைக்கல்லை நாட்டைவிட்டுக் கொண்டுபோவதும் சட்டப்படி குற்றம்.

தண்ணீர் கட்டாயம் கொண்டுபோங்கள், ஆளுக்கு இரண்டு லீற்றராவது. தீவுக் கிணறுகள் பல உவர், குடிதண்ணீர் அங்குள்ள சனத்துக்கே பெரும்பாடு. மத்தியானச் சாப்பாட்டை இறங்கியவுடனேயே சொல்லிவைத்தால்தான் கிடைக்கும், பன்னிரண்டரைக்குப் போய் நின்று "என்ன இருக்கு" என்று கேட்டால் பணிஸும் சோடாவும்தான். காசு தாளாக இருக்கட்டும், அட்டையை நம்பவேண்டாம்.

இனி நயினாதீவு. நாகபூசணி அம்மன் கோயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆண்கள் சேட்டைக் கழற்றவேண்டும், அரைக்காற்சட்டையோடு வந்த பெடியனுக்கு ஒரு வேட்டி பையில் வைத்திருங்கள். ஆனி மாத உற்சவ நாட்களில் போனால் சனநெரிசலுக்கு ஆயத்தமாகப் போங்கள். தெற்கிலிருந்து வருகிற பௌத்தர்களுக்கு அதே தீவு நாகதீப, அவர்களுடைய விகாரையும் கொஞ்சம் தள்ளியே இருப்பதால் சனி, ஞாயிறும் பௌர்ணமிப் போயா நாட்களும் படகுத்துறை பிதுங்கும். செவ்வாய், புதனில் போனால் அமைதியாகக் கும்பிடலாம். அமுதசுரபி மண்டபத்து அன்னதானத்தை விடாதீர்கள், எளிய சோறும் கறியும்தான், ஆனால் கடல்காற்றுப் பசிக்கு அது எங்கேயோ போகும். சாப்பிட்டுவிட்டு உண்டியலில் போடுவதை மறக்காதீர்கள்.

மூன்றாவது நாளுக்கு என்னுடைய பிடித்தமான சுற்று ஒன்று இருக்கிறது. படகுப்பயணம் என்று பெரிதாக இல்லை, மோட்டார் சைக்கிளோ ஓட்டோவோ போதும். நீங்களே ஓட்டுவதென்றால் வெளிநாட்டு லைசென்ஸ் மட்டும் போதாது, இலங்கையில் செல்லுபடியாகும் அனுமதி எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் மச்சானைப் பின்னால் ஏற்றாமல் முன்னால் ஏற்றுங்கள். பண்ணையால் வேலணை, வழியில் சாட்டிக் கடற்கரையில் ஒரு தேத்தண்ணி, அப்படியே ஊர்காவற்றுறை. அங்கிருந்து காரைநகருக்குப் பாதை ஓடுகிறது. பாதை என்றால் ரோட்டு அல்ல, வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு கடலைக் கடக்கிற மிதவைக்கு ஊரில் அதுதான் பெயர். காசு வாங்குவதில்லை. சில நிமிடப் பயணம்தான், நடுவில் கடற்கோட்டை தெரியும், ஒல்லாந்தர் காலத்தில் ஹம்மன்ஹீல் என்று பெயர்பெற்றது. இப்போது கடற்படை அதை விடுதியாக நடத்துகிறது. அங்கே தங்கலாமா என்று கேட்கிறார்கள், தங்கலாம், எனக்கு மனம் வரவில்லை, உங்கள் மனம் உங்களுடையது. பாதை பழுதாகிக் கட்டிக் கிடக்கும் நாட்களும் உண்டு, எனவே ஊர்காவற்றுறைக் கடையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே துறைக்குப் போங்கள்.

காரைநகரில் கசூரினாக் கடற்கரை. பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல கடல் இல்லை, நூறு அடி நடந்தாலும் தண்ணீர் இடுப்புக்கு வராது, அலையும் இல்லை, கரையில் சவுக்கு நிழல். கிழமை நாளில் காலை எட்டு மணிக்குப் போங்கள். ஞாயிறு பின்னேரம் முழு யாழ்ப்பாணமும் அங்கேதான் நிற்கும், கூடவே சத்தமாகப் பாட்டுப் போடுகிற பெடியள் கூட்டமும். பொம்பிளைப் பிள்ளைகள் குளிப்பதற்கு ரீசேட்டும் நீளக் காற்சட்டையும் வைத்திருந்தால் யாரும் வேடிக்கை பார்க்கமாட்டார்கள். இது சரியா பிழையா என்று மகளோடு விவாதிக்கிற நேரத்தில் இரண்டு தரம் குளித்துவிடலாம் என்பது என் அனுபவம். திரும்பும்போது பொன்னாலைப் பாலத்தால் வந்தால் சுற்று முடியும், சூரியன் இறங்குகிற நேரமாகப் பார்த்து வாருங்கள்.

நண்டு சாப்பிட ஆசையென்றால் முதல்நாளே சொல்லிவையுங்கள், வெள்ளிக்கிழமையாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அன்று பாதி வீடுகளில் மரக்கறிதான். ஒடியல் கூழ் கிடைத்தால் எதையும் விட்டுவிட்டு அதைக் குடியுங்கள். பனங்கிழங்கு தை, மாசியில்தான், ஆவணியில் போய்க் கேட்டால் சிரிப்பார்கள்.

கடைசியாக, புங்குடுதீவிலோ வேலணையிலோ அனலைதீவிலோ பழைய வீடு இருக்கிறவர்களுக்கு. போகலாம், ஆனால் செருப்போடு போகாதீர்கள், மூடிய சப்பாத்துப் போடுங்கள். 1990களில் சனம் இடம்பெயர்ந்த பிறகு பூட்டிய காணிகள் பல, பற்றைக்குள் பாம்பும் கிணற்றுக்குக் கட்டில்லாத இடங்களும் இருக்கும். எங்கள் அப்பாவின் வளவில் கிணறு இருக்கிறது என்று தெரிந்தே போயும், நாயுருவியை விலக்கியபோதுதான் காலடிக்கு இரண்டு முழம் தள்ளி அது வாயைத் திறந்துகொண்டு கிடந்ததைக் கண்டேன். பக்கத்து வளவில் இருக்கிற பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், அவருக்கு எல்லைக்கல் எங்கே, கிணறு எங்கே என்று தெரியும். காணிப் பேச்சை முதல் நாளே எடுக்காதீர்கள், ஒரு தேத்தண்ணி குடித்து, யார் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று விசாரித்து முடியுங்கள். கையில் ஒரு கத்தியும் ஒரு போத்தல் தண்ணீரும் இருக்கட்டும். பிள்ளைகளை ரோட்டில் நிற்க வைத்துவிட்டு நீங்கள் மட்டும் முன்னால் போங்கள், வழி தெரிந்த பிறகு அவர்களைக் கூப்பிடலாம்.